எங்கள் தாமான் சுயசேவை டோபி: சலவை நன்று, பாதுகாப்பு பாதி

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) கடைவரிசையில், மாமாக் உணவகத்துக்கும் மளிகைக்கடைக்கும் நடுவே, இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் சுயசேவை டோபி (சலவைக்கடை) ஒன்று இருக்கிறது. அடுக்குமாடியில் துணி காயப்போட இடமில்லாதவர்கள், வாடகை அறைகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்கள், ஆண்டிறுதி மழையில் போர்வையும் பள்ளிச் சீருடையும் காயாமல் தவிக்கும் குடும்பங்கள், பக்கத்து உணவகங்களின் பணியாளர்கள் என எல்லாத் தரப்பினரும் அங்கே வருகிறார்கள். நானும் நெடுநாளாக அங்கேதான் துணி துவைத்து வருகிறேன்.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சுட்டிக்காட்டப்போகும் குறைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் சென்று பார்த்த வேறு டோபிகளிலும் இருந்தன; ஒரு முதலாளியை மட்டும் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. இத்தகைய கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்டணம், சுத்தம், காத்திருக்கும் நேரம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் எரிவாயுவில் அனல் மூட்டி, பெரும் எடையைச் சுழற்றும் இயந்திரங்களை, பயிற்சி எதுவும் இல்லாத பொதுமக்களின் கையில், மேற்பார்வைக்கு ஆளில்லாமல் ஒப்படைக்கும் தொழில் இது. ஆகவே இதைப் பாதுகாப்பை வைத்துத்தான் முதலில் மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சலவை இயந்திரங்களைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவுகளில் இருக்கின்றன. பெரியதில் இரட்டைக் கட்டில் போர்வை தாராளமாக அடங்கும். டோக்கன் போட்டும் துவைக்கலாம், கைப்பேசியால் க்யூ.ஆர். குறியீட்டை வருடியும் கட்டணம் செலுத்தலாம். துணியில் சோப்பு தங்குவதில்லை, பிழிதலும் நன்றாக இருக்கிறது. பிழியும் சுற்றில் டிரம் மிகுந்த வேகத்தில் சுழலும் என்பதால், அது முழுமையாக நிற்கும்வரை கதவு திறக்காமல் பூட்டியிருக்க வேண்டும் என்பது தொழில்முறைச் சலவை இயந்திரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 10472 தரநிலையின் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று. இங்கே நான் பயன்படுத்திய எல்லா இயந்திரங்களிலும் அந்தப் பூட்டு ஒழுங்காக வேலை செய்கிறது. டிரம் நின்று சற்று நேரம் கழித்தே கதவு விடுபடும் ஓசை கேட்கிறது. பொறுமையிழந்து கைப்பிடியை இழுத்து உடைக்கப் பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தச் சிறிய தாமதம் அவர்களுடைய கையைக் காப்பாற்றுவதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது.

குழந்தைகளை உடன் அழைத்து வரும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரிய இயந்திரங்களின் வாய் தரையிலிருந்து அதிக உயரத்தில் இல்லை. பளபளக்கும் எஃகுக் குகை போன்ற அந்த டிரம்முக்குள் ஏறிப் பார்க்கச் சிறுபிள்ளைகளுக்கு ஆசை வருவது இயல்பு. 2018 ஜனவரியில் ஜப்பானின் ஒசாகா மாநிலத்திலுள்ள சாக்காய் நகரில், வீட்டிலிருந்த டிரம் வகைச் சலவை இயந்திரத்துக்குள் நுழைந்த ஐந்து வயதுச் சிறுவன், கதவு மூடிக்கொண்டதால் உள்ளிருந்து திறக்க முடியாமல் உயிரிழந்தான். இயந்திரம் ஓடவே இல்லை. மூடிய கதவும் காற்றில்லாத இடமுமே போதுமானவையாக இருந்தன. எங்கள் டோபியில் கீழ்வரிசை இயந்திரங்களின் கதவுகள் எப்போதும் அகலத் திறந்தே கிடக்கின்றன. துர்நாற்றம் வராமல் இருக்க அப்படி விடுவது வழக்கம்தான் என்றாலும், குழந்தைகளைத் தனியே விடாதீர்கள் என்ற எச்சரிக்கையாவது பெரிய படத்தோடு இருக்க வேண்டும். இல்லை.

உலர்த்திகளைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. சுவரையொட்டி இரண்டடுக்காக நிற்கும் எரிவாயு உலர்த்திகளில் துணி வேகமாகவும் சீராகவும் காய்கிறது. தடித்த ஜீன்ஸ்கூட ஒரே சுற்றில் காய்ந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை சுழலும்போதும் துணியிலிருந்து உதிரும் பஞ்சுத் தூசு, சூடான காற்றோடு சென்று வடிகட்டி வலையில் படிகிறது. வலையைத் தாண்டிய தூசு வெளியேற்றுக் குழாயில் படிகிறது. வலை அடைபட்டால் காற்றோட்டம் குறையும், உள்ளே வெப்பம் ஏறும், அந்த வெப்பத்தின் நடுவே எளிதில் தீப்பற்றும் உலர்ந்த பஞ்சு நிறைந்திருக்கும். எங்கள் டோபியில் ஓர் உலர்த்தியின் கீழ்ப்பலகை ஒருநாள் பூட்டாமல் இருந்தது. குனிந்து பார்த்தபோது, வலை முழுவதும் விரலிடுக்கு அளவுக்குச் சாம்பல் நிறத்தில் பஞ்சு படிந்து, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கம்பளித் துண்டைப்போல் ஒரே ஏடாக உரிந்துவரும் நிலையில் இருந்தது. அதற்குள் ஒரு தலைமுடிக் கிளிப்பும், கரிந்து சுருண்ட ரசீதுத் துண்டும் சிக்கிக் கிடந்தன. அந்தக் கரிந்த காகிதம் என்னை உண்மையிலேயே கலங்க வைத்தது, ஏனென்றால் காகிதம் கரியும் அளவுக்கு அங்கே எங்கோ சூடு ஏறியிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இது வெறும் அச்சம் அன்று. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான காலத்தை ஆராய்ந்து, வீட்டு உலர்த்திகளால் அந்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 தீவிபத்துகள் நேர்ந்ததாகக் கணித்தது. அவற்றின் முதன்மைக் காரணமாகச் சுத்தம் செய்யத் தவறியதையே, 34 விழுக்காட்டுடன், குறிப்பிட்டது. அவை வீடுகளில் ஒரு குடும்பத்துக்கு மட்டும் ஓடும் இயந்திரங்கள். விடியும்வரை ஓயாமல் ஓடும் கடை உலர்த்தியில் பஞ்சு எத்தனை மடங்கு சேரும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இத்தகைய கடைகளில் வலையை நாள்தோறும், நெரிசல் மிகுந்த வார இறுதிகளில் அதற்கும் மேலாக, சுத்தம் செய்ய வேண்டும். வெளியேற்றுக் குழாயைக் குறித்த கால இடைவெளியில் கழற்றித் துடைக்க வேண்டும். செய்ததற்கு அடையாளமாகத் தேதியும் கையொப்பமும் உள்ள ஓர் அட்டை ஒவ்வோர் உலர்த்தியிலும் தொங்குவது பெரிய செலவல்ல. கழிப்பறைக் கதவின் பின்னால் இத்தகைய அட்டையை நாம் எத்தனையோ பேரங்காடிகளில் பார்க்கிறோம். தீப்பிடிக்கக்கூடிய இயந்திரத்தில் அது இல்லாதது எனக்குப் புரியவில்லை.

பஞ்சைவிடக் குறைவாகவே அறியப்பட்ட ஆபத்து எண்ணெய். ஒருநாள் இரவு, பக்கத்து உணவகத்தின் பணியாளர் ஒருவர் சமையலறைத் துணிகளை உலர்த்தியில் போட்டிருந்தார். சுற்று முடிய இன்னும் நேரம் இருந்தது, அவருக்கு அவசரம். கதவைத் திறந்து, கையைச் சுடும் துணிகளை அப்படியே அள்ளி ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் திணித்து, வாயை இறுகக் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு சென்றுவிட்டார். தீப்பிடிப்பதற்குத் தேவையான எல்லாவற்றையும் அவர் அறியாமலேயே அந்தப் பையில் கட்டிக்கொண்டு போனார். துவைத்த பிறகும் துணி இழைகளில் தங்கியிருக்கும் சமையல் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரியும். அந்த வினை வெப்பத்தை வெளிவிடும். விரித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் கலைந்து போகும். சூட்டோடு சுருட்டிக் கட்டிய துணியிலோ அது வெளியேற வழியின்றி உள்ளேயே ஏறிக்கொண்டே போய், சில மணி நேரம் கழித்து, யாரும் தீ மூட்டாமலேயே புகைந்து எரியத் தொடங்கலாம். தீ எழும்போது துணி உலர்த்தியில் இருக்காது. உணவகத்தின் கிடங்கிலோ, தொழிலாளர்கள் உறங்கும் அறையிலோ இருக்கும்.

எல்லா எண்ணெயும் ஒரே தரத்தில் ஆபத்தானவை அல்ல. ஆக்சிஜனோடு வினைபுரியும் நாட்டத்தை அயோடின் எண் என்னும் அளவு ஓரளவு காட்டுகிறது; எண் கூடினால் நாட்டமும் கூடும். தேங்காய் எண்ணெய்க்கு அது 10-ஐ ஒட்டியே இருக்கிறது. நம் நாட்டின் செம்பனை எண்ணெய்க்கு 50-ஐ ஒட்டி வரும். நல்லெண்ணெய்க்கு 100-ஐத் தாண்டும். சூரியகாந்தி எண்ணெய்க்கு அதற்கும் மேல். ஆகவே தீபாவளிக் காலையில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துத் துவட்டிய துண்டுகளையும், உடம்பு பிடித்துவிடும் நிலையங்களின் விரிப்புகளையும் இங்கே கொண்டுவருகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். உலர்த்திகளுக்கான அனைத்துலகத் தரநிலையான ஐ.இ.சி. 60335-2-11, பயனருக்குச் சொல்லியாக வேண்டிய எச்சரிக்கைகளில் இதையும் சேர்த்திருக்கிறது. சமையல் எண்ணெய், மண்ணெண்ணெய், பெட்ரோல், டர்பன்டைன், மெழுகு போன்றவை படிந்த துணிகளைக் கூடுதல் சலவைத்தூளோடு வெந்நீரில் துவைத்த பிறகே உலர்த்த வேண்டும் என்கிறது. நுரைரப்பர் உள்ளவற்றை உலர்த்தியில் போடவே கூடாது என்கிறது. சுற்றின் இறுதியில் அனலின்றி ஓடும் குளிரூட்டும் கட்டத்துக்கு முன்பு உலர்த்தியை நிறுத்தினால், துணிகளை உடனே வெளியே எடுத்து விரித்துப்போட வேண்டும் என்கிறது. எங்கள் டோபியின் சுவரில் இவற்றில் ஒன்றுகூட எழுதப்படவில்லை. காலணிகளைப் போடாதீர்கள், செல்லப் பிராணிகளின் துணிகளைத் துவைக்காதீர்கள் என்பவை மட்டும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருக்கின்றன. வாடிக்கையாளர்களில் கணிசமானோர் தமிழர்களும் வங்காளதேசத்தவர்களும் நேப்பாளிகளுமாக இருக்கும் ஓர் இடத்தில், படத்தாலாவது சொல்லப்படாத எச்சரிக்கை பாதிப் பேருக்குப் போய்ச் சேராது.

செலவை மிச்சப்படுத்தக் குளிரூட்டும் கட்டத்தைக் குறைத்துவிடும் உரிமையாளர்களும் உண்டு. இந்தக் கடையில் அப்படிச் செய்யப்படவில்லை. கடைசி நிமிடங்களில் காற்று குளிர்ந்து வருவதைக் கதவருகே கை வைத்தாலே உணரலாம். இதற்காக இக்கடையின் உரிமையாளரைப் பாராட்டுகிறேன்.

அடுத்து, உலர்த்திகளுக்கு அனல் தரும் எரிவாயு. நாம் கேஸ் தோங் என்று அழைக்கும் கலன்கள் கடையின் பின்சந்தில், கம்பிவலைக் கூண்டுக்குள், வணிகப் பயன்பாட்டுக்குரிய 50 கிலோ அளவில் நிற்கின்றன. கூண்டு பூட்டியிருக்கிறது, கலன்கள் நிமிர்ந்து நிற்கின்றன, குழாய்க்கு மஞ்சள் வண்ணம் பூசப்பட்டிருக்கிறது. மானிய விலையில் வீடுகளுக்குத் தரப்படும் சிறு கலன்களை இங்கே நான் கண்டதில்லை. அதுவும் நல்ல அறிகுறி. 14 கிலோ வீட்டுக் கலன் 26 ரிங்கிட் 60 சென்னுக்குக் கிடைக்கும்போது வணிகக் கலனுக்கு அதைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டியிருப்பதால், வீட்டுக் கலன்களை வரிசையாக இணைத்து ஓட்டும் ஆசை பல தொழில்களில் இருந்தது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு 2025 மே மாதம் தொடங்கிய ஓப்ஸ் காசாக் நடவடிக்கை அதைக் குறிவைத்தே வந்தது. அந்த நடவடிக்கையை மானியக் கசிவு என்ற கண்ணோட்டத்தில் மட்டுமே பலரும் பார்த்தார்கள். தற்காலிகமாக இணைக்கப்பட்ட ரப்பர்க் குழாய்களும், அடிக்கடி மாற்றப்படும் கலன்களும் வாயுக் கசிவுக்கு வழிவகுக்கும் என்பதால் எனக்கு அது பாதுகாப்பு நடவடிக்கையாகவும் தெரிகிறது.

ஆனால் கூண்டின் இடம் சரியில்லை. அதிலிருந்து ஓரெட்டுத் தொலைவில், மேல்மூடி பெயர்ந்த வடிகால் ஒன்று ஓடுகிறது. திரவ பெட்ரோலிய வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழுந்து கலைந்து போகாது, தரையோடு தவழ்ந்து தாழ்வான இடத்தைத் தேடிப் போகும். வடிகாலுக்குள் இறங்கினால், கடைவரிசை முழுவதன் அடியிலும் பரவி, எவரோ அணைக்காமல் எறியும் சிகரெட்டுக்காகக் காத்திருக்கும். காற்றில் சுமார் 2 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும் அளவை அது எட்டிவிடும். அதனால்தான் எரிவாயுச் சேமிப்பு தொடர்பான விதிமுறைகள் எல்லாம், மலேசியத் தரநிலை எம்.எஸ். 830 உள்பட, கலன்களை வைக்கும் இடத்தைப் பற்றியும் காற்றோட்டத்தைப் பற்றியும் இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகின்றன. கடைக்குள்ளே எரிவாயு கசிவுணர்வி ஒன்றும் இருக்கிறது; ஆனால் அது கூரைக்கு அருகே, கண்காணிப்புக் கேமராவுக்குப் பக்கத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. இந்த வாயுவுக்கு உணர்வி தரையையொட்டித் தாழ்வாக இருந்தால்தான் பயன். அவ்வளவு உயரத்தில் இருப்பது, வாயு இடுப்பளவு சேர்ந்த பிறகும் பேசாமல் இருக்கும்.

கடையின் நடுச்சுவரில் ஒரு சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தான் இருப்பது மகிழ்ச்சி தருகிறது. அதை அழுத்தினால் மின்சாரம் மட்டும் நிற்குமா, எரிவாயு வால்வும் மூடுமா என்பது எழுதப்படவில்லை. இவ்விரண்டும் சேர்ந்து நிற்பதே முறை. தீயணைப்பான் ஒன்று வாயிலருகே தொங்குகிறது. அதன் ஒட்டுவில்லையில் உள்ள காலக்கெடு நான் பார்த்தபோது செல்லுபடியாகவே இருந்தது.

இவற்றையெல்லாம் யார் பார்க்க வேண்டும் என்று கேட்டால், பதில் ஒரு முகவரியில் கிடைக்காது. சுயசேவை டோபிக்கென்று மலேசியாவில் தனியொரு நாடாளுமன்றச் சட்டம் இல்லை. வணிக உரிமத்தை 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டத்தின் கீழ் ஊராட்சி மன்றம் தருகிறது. எரிவாயுக் குழாயும் உலர்த்தி இணைப்பும் 1993ஆம் ஆண்டின் எரிவாயு விநியோகச் சட்டத்தின் கீழும், மின் இணைப்பு 1990ஆம் ஆண்டின் மின்சார விநியோகச் சட்டத்தின் கீழும் எரிசக்தி ஆணையத்தின் பார்வையில் வருகின்றன. தீத்தடுப்பு 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைகள் சட்டத்தின்படி தீயணைப்புத் துறையான போம்பாவின் பொறுப்பு. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமோ, தொழில் நடத்துபவர் தம் ஊழியர் அல்லாதவர்களுக்கும் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. சட்டங்கள் குறைவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் கடை திறக்கும் நாளில் கடுமையாகவும், திறந்த பின் நாளுக்கு நாள் தளர்ந்தும் செயல்படுகின்றன. வலையில் பஞ்சு படிவது உரிமம் புதுப்பிக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு நடப்பதில்லை.

கடையில் பணியாளர் ஒருவர் இருந்தே ஆக வேண்டுமா என்பது ஊராட்சி மன்றங்களுக்கும் டோபி நடத்துவோருக்கும் இடையே பல ஆண்டுகளாகவே நீடிக்கும் வாதம். ஆள் வைத்தால் சம்பளச் செலவு ஏறும், கட்டணமும் ஏறும், இந்தச் சேவையை அதிகம் நம்பியிருக்கும் குறைந்த வருமானத்தினரே அதைச் சுமக்க வேண்டும் என்று நடத்துவோர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்கு மாற்றாக அவர்கள் காட்டுவது கண்காணிப்புக் கேமராவை. கேமரா நடந்ததைப் பதிவுசெய்யும், நடப்பதைத் தடுக்காது. 2018 செப்டம்பரில் கோம்பாக் வட்டாரத்துச் சுயசேவை டோபி ஒன்றில், சினையாக இருந்த பூனை ஒன்றை உலர்த்திக்குள் அடைத்து ஓடவிட்டுக் கொன்ற கொடுமை நடந்தது. கேமராக் காட்சி இருந்ததால்தான் குற்றவாளிகள் பிடிபட்டு, விலங்கு நலச் சட்டத்தின் கீழ் சிறைத் தண்டனையும் பெற்றார்கள். அந்தக் காட்சியை நேரடியாகப் பார்த்துக்கொண்டு, தொலைவிலிருந்தே இயந்திரத்தை நிறுத்தக்கூடிய ஒருவர் இருந்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கலாம் என்பதை என்னால் மறக்க முடியவில்லை. இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் வைக்க முடியாவிட்டால், இரவு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு உலர்த்திகளையாவது நிறுத்தலாம். அல்லது பல கிளைகளை ஒரே இடத்திலிருந்து பார்த்து, எரிவாயுவைத் துண்டிக்கும் அதிகாரமுள்ள காவலர் ஒருவரை நியமிக்கலாம். இரண்டுமே இன்றைய தொழில்நுட்பத்தில் எளிது.

சுவரிலிருந்த எண்ணுக்கு நான் அழைத்தேன். பகலில் எடுத்தார்கள், பணிவாகப் பேசினார்கள், பஞ்சு வலையைப் பற்றிச் சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் பார்த்தபோது அந்தப் பலகை பூட்டப்பட்டு, வலையும் சுத்தமாக இருந்ததை அதன் இடுக்கு வழியே காண முடிந்தது. நள்ளிரவு தாண்டி அதே எண்ணுக்கு அழைத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. தீயோ வாயுக் கசிவோ என்றால் அந்த எண்ணை நம்பிக் காத்திருக்காமல் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 999-க்கு அழையுங்கள். வாயு வாசம் வந்தால் விளக்குச் சுவிட்சைத் தொடாதீர்கள், கைப்பேசியையும் கடைக்கு வெளியே வந்த பிறகே எடுங்கள். கசிவுணர்வியின் உயரத்தையும் வடிகால் மூடியையும் பற்றி நான் சொன்னவற்றுக்கு, இதை எழுதும்வரை மாற்றம் எதுவும் இல்லை; வடிகாலைப் பற்றி ஊராட்சி மன்றத்துக்கும் எழுதியிருக்கிறேன்.

என் மதிப்பீடு இதுதான்: சலவைக்கு ஐந்தில் நான்கரை, உலர்த்திக்கு ஐந்தில் இரண்டு. சலவைக்குத் தாராளமாகச் செல்லுங்கள். உலர்த்தியைப் பகலில், பக்கத்துக் கடைகள் திறந்திருக்கும் நேரத்தில் பயன்படுத்துங்கள். சுற்று முடியும்வரை அங்கேயே இருங்கள். எண்ணெய் படிந்த துணி எதையும் போடாதீர்கள். உணர்வியைக் கீழே இறக்கி, வடிகாலை மூடி, நள்ளிரவு அழைப்புக்கும் ஒருவர் பதில் சொல்லும் நாளில் அந்த இரண்டை நானே திருத்தி எழுதுவேன்.